முள் அடிமட்டத்தைத் தொட்ட பிறகு

நம்மவர்களில் கார் வைத்திருக்கும் எவரிடமும் போய், பெட்ரோல் முள் அடிமட்டத்துக்கு இறங்கி மஞ்சள் விளக்கும் எரியத் தொடங்கிவிட்டால் வண்டி இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய வண்டி பத்து வருஷம் உழைத்ததானாலும், போன மாதம் மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்ததானாலும், அவர் ஒரு கணமும் யோசிக்காமல், “அம்பது கிலோமீட்டர் தாராளமா ஓடும்” என்றுதான் பதில் சொல்வார்.

இந்த ஐம்பது எங்கிருந்து வந்தது?

சமதரையில் ஐம்பதா, மலையிலும் ஐம்பதா? ஒருவர் மட்டும் போனால் ஐம்பதா, மாமனார் மாமியாரோடு ஐந்து பேரும், டிக்கியில் ஒரு மூட்டை அரிசியும், கூரைமேல் பெட்டியும் இருந்தாலும் ஐம்பதா? ஏ.ஸி. போட்டாலும் போடாவிட்டாலும் அதே ஐம்பதா? இதையெல்லாம் கேட்டால் நம்மைச் சந்தேகப் பிராணி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தக் கேள்விகளை ஒதுக்கக் கூடாது என்பதும், இவற்றுக்கு ஒவ்வொருவரும் தம் வண்டியிலிருந்தே பதில் கண்டுபிடித்துக்கொள்ள முடியும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். சில காலமாக மனத்தில் கிடந்த விஷயந்தான். அண்மையில் வால்பாறைக்குப் போன ஒரு பிரயாணம் அதை எழுதியே ஆக வேண்டும் என்ற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டது.

பொள்ளாச்சியிலிருந்து தங்கையின் குடும்பத்தோடு புறப்பட்டோம். வண்டி தங்கை கணவருடையது; 37 லிட்டர் டாங்க் உள்ள ஸ்விஃப்ட். ஆழியாறு அணை கண்ணில் பட்டு, குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

“லைட் எரிஞ்சிருச்சுங்க மாப்பிள்ளை.”

“எரியட்டும் மச்சான். அம்பது கிலோமீட்டர் தாங்கும். இங்கிருந்து வால்பாறை நாப்பதுதானுங்களே.”

நாற்பது என்பது சரிதான். ஆனால் அது எப்பேர்ப்பட்ட நாற்பது என்பதை அந்தப் பாதையில் போனவர்கள் அறிவார்கள். ஆழியாற்றுக்கு அப்பால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற இடத்தில் நின்று கீழே பார்த்தால் அணையின் நீர்ப்பரப்பு முழுவதும் தெரியும், அதாவது அந்த ஒன்பது வளைவுக்குள்ளேயே வண்டி அவ்வளவு உயரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வால்பாறை ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலுமாக ஏறும் வண்டிக்கு, பைபாஸ் சாலையில் கிடைக்கும் மைலேஜில் பாதி கிடைத்தாலே பெரிது. நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கையில் பின் ஸீட்டிலிருந்து என் தங்கை, “அண்ணா சொல்றதைக் கேளுங்க, கொழந்தைங்க இருக்குது” என்றாள். அவர் முகம் சிறிது வாடியது உண்மை. ஆயினும் வண்டியைத் திருப்பினார். வந்த வழியிலேயே விட்டுவந்த பங்க்கில் போய் டாங்கை நிரப்பிக்கொண்டு மறுபடி ஏறினோம்.

பங்க்கில் பிடித்தது 32 லிட்டரும் சொச்சமும். அப்படியானால் உள்ளே ஏறக்குறைய 5 லிட்டர் மிச்சம் இருந்திருக்கிறது. ஏற்றத்தில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நாற்பது கிலோமீட்டருக்கு 4 லிட்டர் போதும். வால்பாறையில் பங்க்கும் உண்டு. கணக்குப்படி மாப்பிள்ளை சொன்னது நடந்திருக்கும். இதை அவர் அன்று சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் டீ குடித்துக்கொண்டே எனக்கு எடுத்துச் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன், ஆனால் திருப்பச் சொன்னது சரி என்ற என் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பெட்ரோல் முள் என்பது பெட்ரோலை நேராகப் பார்த்துச் சொல்கிற சாதனம் அன்று. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை போலவே பெட்ரோல் டாங்கினுள்ளும் ஒரு மிதவை உண்டு. அந்த மிதவையோடு இணைந்த கம்பி, மின்தடை உள்ள ஒரு பட்டையின்மேல் நகர்கிறது. மட்டம் மாறும்போது தடை மாறுகிறது. தடை மாறும்போது மின்சாரம் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு, டிரைவருக்கு எதிரே உள்ள பலகையில் முள் தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது. பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் டாங்கினுள் பெட்ரோல் அலைமோதுவதால், முள் அதற்கெல்லாம் ஆடிக்கொண்டிராமல் இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே அதை மந்தமாக அமைத்திருக்கிறார்கள். டாங்க் நிறைந்திருக்கும்போது மிதவை மேல்தட்டில் முட்டிக்கொண்டு நிற்குமாதலால், கொஞ்சம் பெட்ரோல் குறைந்த பிறகும் முள் அசையாது, புது வண்டி வாங்கியவர்கள், “அறுபது கிலோமீட்டர் போயாச்சு, முள் நகரவே இல்லை!” என்று பூரித்துப்போவது இதனால்தான். டாங்க்கும் சதுரப் பெட்டியாக இருப்பதில்லை. பின் ஸீட்டுக்கு அடியில், புகைக் குழாய்க்கும் அச்சுக்கும் இடம் விட்டு, கிடைத்த சந்துபொந்துகளில் எல்லாம் நுழைந்து வளைந்த உருவம் அதற்கு. ஆகவே மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் மேல்பாதியில் செலவாவது ஓர் அளவு, கீழ்ப்பாதியில் செலவாவது வேறோர் அளவு. முதல் பாதி நிதானமாகவும் அடுத்த பாதி விறுவிறுவென்றும் இறங்குகிறதே என்று பலரும் குறைப்படும் வண்டிகளில் இதுவே பெரும்பாலும் காரணம்.

மலைப்பாதையில் இன்னொரு விசேஷம். வண்டி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ஏறும்போது பெட்ரோல் டாங்கின் பின்பக்கம் ஒதுங்குகிறது. மிதவை முன்பக்கம் அமைந்திருந்தால் முள் குறைத்துக் காட்டும். பின்பக்கம் அமைந்திருந்தால் கூட்டிக் காட்டும். பொள்ளாச்சியில் வெகு காலம் அம்பாஸடர் டாக்ஸி ஓட்டிய ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் மிதவையையோ மின்தடையையோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “மலை ஏறுறப்ப முள்ளைப் பாக்கக்கூடாதுங்க சார். அது மலைக்குத் தக்கன ஆடும். அடிவாரத்துல பாத்ததுதான் கணக்கு” என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். (வெயில் காலத்தில் அம்பாஸடரின் பெட்ரோல் பம்ப்மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டிய கதையையும் அவர் சொன்னார். என்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்ப் இழுக்க முடியாமல் வண்டி நின்றுவிடும். டாங்க் நிறைய இருந்தும் வண்டி நகராத அவஸ்தை அது.)

நம்முடைய தர்க்க சாஸ்திரத்தில் பிரத்தியட்சம் என்றும் அனுமானம் என்றும் பிரமாணங்களைப் பிரித்துச் சொல்வார்கள். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று ஊகிப்பது அனுமானம். அருகில் போய் நெருப்பையே காண்பது பிரத்தியட்சம். பெட்ரோல் முள் அனுமானத்தைச் சேர்ந்தது. இக்காலத்து வண்டிகளில், ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம்’ என்று எண்ணாகவே எழுதிக் காட்டுகிறார்களே, அது அனுமானத்தின்மேல் கட்டிய இன்னோர் அனுமானம்: மிதவை சொன்ன லிட்டரை, நீங்கள் சற்று முன்னால் ஓட்டிய ஓட்டத்தின் சராசரி மைலேஜால் பெருக்கி வந்த தொகை. பைபாஸில் சீராக வந்துவிட்டு ஊருக்குள் நுழைந்த உடனே அந்த எண் மளமளவென்று சரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது நடந்து முடிந்ததைக் கொண்டு நடக்கப்போவதைச் சொல்கிறது. அடுத்த வளைவுக்கு அப்பால் ஏற்றம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பிரத்தியட்சமாகப் பார்த்த காலமும் உண்டு. 1908 முதல் 1927 வரை ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மாடல் டி காரில் பெட்ரோல் டாங்க் பெரும்பாலும் முன் ஸீட்டுக்கு அடியிலேயே இருந்தது. ஸீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, அளவு குறித்த குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த வண்டியில் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் கனத்தாலேயே கார்புரேட்டருக்கு வழிந்தோட வேண்டும். டாங்கில் கொஞ்சமே இருக்கும்போது செங்குத்தான மேட்டில் முன்முகமாக ஏறினால், என்ஜின் டாங்கைவிட உயரத்துக்குப் போய்விடுவதால் பெட்ரோல் வராமல் வண்டி நின்றுவிடும். அதனால் அந்த மனிதர்கள் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மேடு ஏறினார்கள்! எவ்வளவு நுட்பமாகத் தங்கள் யந்திரத்தை அவர்கள் அறிந்து வைத்திருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாகிறது. நம் லாரி டிரைவர்களிலும், முள்ளைப் பாராமல் டாங்கில் குச்சி விட்டே டீசல் பார்க்கிறவர்கள் உண்டு.

பிறகு வந்தது ரிசர்வ் என்ற ஏற்பாடு. 1960-களின் தொடக்கம் வரை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் பெட்ரோல் முள்ளே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திக்கித் திணறும். உடனே காலடியில் உள்ள ஒரு திருகைத் திருப்பினால் டாங்கின் அடியில் ஒதுக்கி வைத்திருந்த பெட்ரோல் இறங்கும். நம் ஊர் மோட்டார் சைக்கிள்களில் இதே தத்துவம் நேற்றுவரை இருந்தது. டாங்கினுள் இரண்டு வழிகள்: ஒன்று சற்று உயரமாக நிற்கும் குழாய், மற்றொன்று அடிமட்டத்துத் துவாரம். குழாயின் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கியதும் என்ஜின் இருமும். இடது கையைக் கீழே விட்டு, கண்ணால் பாராமலே திருகைத் திருப்புவோம். “ரிசர்வ் விழுந்துடுச்சு” என்று பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வோம். ரிசர்வ்வும் தீர்ந்தால் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூலையில் ஒதுங்கிய கடைசிச் சொட்டுகளையும் திரட்டி, பங்க்வரை போய்ச் சேருவோம். அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். மிச்சம் எவ்வளவு என்பதில் அங்கே ஊகம் இல்லை. குழாயின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் ரிசர்வ். அது என்றைக்கும் மாறாது.

கார்களில் அந்தத் திருகு போய், ரிசர்வ் முள்ளுக்குப் பின்னால் மறைந்துகொண்டது. சிறிய கார்களில் விளக்கு எரியும்போது பொதுவாக 4 முதல் 6 லிட்டர் வரை மிச்சம் இருக்கும். யந்திர சாஸ்திரிகள் அதை எதற்காக வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மிதவையில் பிழை இருக்கலாம். வண்டி சாய்ந்து நிற்கலாம். அடுத்த பங்க் மூடியிருக்கலாம். மண் சரிந்து பாதை அடைபட்டு இரண்டு மணி நேரம் நிற்க நேரலாம். இந்தச் சந்தேகங்களுக்கெல்லாம் ஈடாக அவர்கள் வைத்துவிட்டுப் போன பெட்ரோலை நாம் தூரமாக மாற்றிக் கணக்குப் போட்டால், சந்தேகத்துக்கு ஈடாக வைக்க வேறு என்ன இருக்கிறது? மாப்பிள்ளையின் கணக்கு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தும் நான் ஒப்பாததற்குக் காரணம் இதுதான். வால்பாறைப் பாதையில் யானை குறுக்கே வந்து நின்றால் நாமும் நிற்க வேண்டியதுதான். அதற்குப் பெட்ரோல் யார் கணக்கில்?

கணக்குப் பிழை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு, காரை விட்டு விமானத்துக்கு ஒரு நிமிஷம் தாவ அனுமதியுங்கள். 1983 ஜூலை 23-ஆம் தேதி, ஏர் கனடாவின் 143-ஆம் எண் போயிங் 767 விமானம், எரிபொருள் காட்டும் கருவிகள் வேலை செய்யாத நிலையில் மான்ட்ரியாலிலிருந்து ஆட்டவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. கருவி இல்லாததால் டாங்கில் குச்சி முறையிலேயே அளந்தார்கள், அளந்தது சரிதான். ஆனால் கனடா அப்போதுதான் மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்பதற்குரிய எண்ணுக்குப் பதிலாக, ஒரு லிட்டர் எத்தனை பவுண்டு என்பதற்குரிய 1.77 என்ற எண்ணால் பெருக்கிவிட்டார்கள். தேவையான 22,300 கிலோவில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பிவிட்டது. 41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை தொடங்கி, சிறிது நேரத்தில் இரண்டு என்ஜின்களும் நின்றன. காப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவராக இருந்ததால், அந்தப் பெரிய விமானத்தைச் சறுக்கியே கொண்டுவந்து, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். பிரத்தியட்சமாக அளந்த அளவும், பெருக்கும் எண் தவறினால் நம்மைக் காப்பாற்றாது.

சரி, நம் வண்டிக்கு வருவோம். உங்கள் காரின் உண்மையான ரிசர்வ்வை எப்படி அறிவது? விளக்கு எரிந்த உடனே பங்க்குக்குப் போய், நாஸில் தானாக ‘டக்’ என்று நிற்கும்வரை நிரப்புங்கள். பிடித்த அளவை வண்டியோடு வந்த புத்தகத்தில் குறித்துள்ள டாங்க் கொள்ளளவிலிருந்து கழியுங்கள். ஒரு தடவை செய்து பார்த்தால் போதாது. பங்க்கின் தரை சாய்வாக இருக்கலாம், நாஸில் முன்னதாகவே நின்றிருக்கலாம். நான் என் வண்டிக்குச் சில தடவை செய்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வந்த விடைகளில் மிகக் குறைந்ததையே என் ரிசர்வ் என்று வைத்துக்கொண்டேன். சராசரி எடுப்பது இந்த இடத்தில் பொருத்தமில்லை, குறைந்ததுதான் நம்பத்தக்கது.

இங்கே ஒரு தகராறைப் பற்றியும் சொல்ல வேண்டும். “நாப்பது லிட்டர் டாங்க்ல நாப்பத்திரண்டு எப்படிங்க புடிக்கும்?” என்று பங்க்கில் நின்று சத்தம் போடுகிறவர்களைக் கண்டிருப்பீர்கள். புத்தகத்தில் உள்ள கொள்ளளவு, வெயிலில் பெட்ரோல் விரிவதற்காக மேலே விட்டுவைத்த காலி இடத்தையும் நிரப்பும் கழுத்தையும் சேர்க்காத அளவு. நாஸில் நின்ற பிறகும் அழுத்தி அழுத்தி விளிம்புவரை நிரப்பினால் குறித்த அளவைத் தாண்டிப் பிடிப்பது சாத்தியமே. அந்த வேளையில் பைப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் பையன்மீது பாய்வது எனக்குப் பெரும் அநியாயமாகத் தோன்றுகிறது. அளவில் உண்மையான சந்தேகம் இருந்தால் அதற்கு முத்திரை பெற்ற 5 லிட்டர் அளவைப் பாத்திரம் பங்க்கில் இருக்கிறது. அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

ரிசர்வ்வில் அடிக்கடி ஓட்டினால் டாங்கின் அடியில் உள்ள கசடெல்லாம் என்ஜினுக்குள் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பம்ப் எப்போதுமே அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, டாங்க் நிறைந்திருந்தாலும் அப்படியே. வடிகட்டியும் நடுவில் இருக்கிறது. உண்மையான கேடு வேறு. இக்காலத்து வண்டிகளில் மின்சாரப் பம்ப் டாங்கினுள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. தன்னைச் சுற்றியும் தன் ஊடாகவும் ஓடும் பெட்ரோலால்தான் அது குளிர்ச்சியும் வழுவழுப்பும் பெறுகிறது. பெட்ரோல் தீர்ந்து அது காற்றை உறிஞ்சத் தொடங்கினால் சூடேறித் தேய்ந்துபோகும். அரைகுறையாகப் பெட்ரோல் வந்து என்ஜின் திக்கும்போது எரியாத பெட்ரோல் புகைக் குழாய் வழியே போய், அங்கே புகையைச் சுத்தி செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதையும் பாழாக்கக்கூடும். டீசல் வண்டியானால் குழாய்களில் ‘ஏர் புடிச்சு’ விடும். மறுபடி டீசல் ஊற்றினாலும், பல வண்டிகளில், திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்து, நுரை அடங்கிச் சுத்தமான டீசல் வரும்வரை ஏர் எடுத்தால்தான் என்ஜின் பிடிக்கும்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று மலையிறக்கத்தில் நியூட்ரல் போட்டுவிடுகிறார்கள். கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை அது. இன்றைய இன்ஜெக்ஷன் என்ஜின், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுழற்றுவதால், பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் செலவாகிறது. ஆக, நியூட்ரலில் பெட்ரோலும் போகிறது, என்ஜின் பிடித்து நிறுத்தும் பலமும் போகிறது. அந்த நிலையில் டாங்க்கும் தீர்ந்து என்ஜின் அணைந்தால், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியை முழுதும் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். அப்படி நேர்ந்தால் சாவியைத் தொடாமல், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, இடது ஓரம் ஒதுக்கி, நான்கு விளக்குகளையும் மினுக்க விடுங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-க்குப் பேசலாம்.

சமதரையில் விளக்கு எரிந்துவிட்டால் செய்யக்கூடியவை சில உண்டு. ஏ.ஸி.யை நிறுத்துங்கள், மேல் கியரில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போங்கள், முந்திச் செல்லும் ஆசையை ஒத்திவையுங்கள். இவ்வாறு போனால் என் வண்டியின் ரிசர்வ் எழுபது கிலோமீட்டர்கூடத் தாங்கும் என்று நோட்டுப் புத்தகம் சொல்கிறது. ஊருக்குள் நெரிசலில் நாற்பத்தைந்து. மலைக்கு நான் எண்ணே எழுதவில்லை. அடிவாரத்தில் பாதி டாங்க்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த எழுபதும் நாற்பத்தைந்தும்கூடப் பழைய பெட்ரோலுக்குப் போட்ட கணக்கு. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இந்தக் கலவையில், கலப்பில்லாத பெட்ரோலைக் காட்டிலும் லிட்டருக்கு 6, 7 சதவிகிதம் சக்தி குறைகிறது. மிதவைக்கு இது தெரியாது. விளக்கும் அதே மட்டத்தில்தான் எரிகிறது. ஐம்பது என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் அதிலிருந்து முதலில் இதைக் கழிக்க வேண்டும். நான் நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பி, மைலேஜை மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.